முதல் ஆட்டம்

"உங்கப்பாகூட அந்தப் புதுப் பொண்டாட்டியும் வந்திருக்காளாமே?"

"வெளியில கார்லயே இருக்காங்க சித்தி. உள்ளே வரலைன்னுட்டாங்களாம்" என்றாள் கல்யாணப் பெண், என் அக்கா மகள்.

"வருவாளா? காவலுக்குல்ல வந்திருக்கா! ஒரு சுற்று ஆடினா புருஷன் மனசு மாறிடுவாரோன்னு பயம்."

"மெதுவா பேசுங்க சித்தி."

எங்கள் குடும்பத்தில் ரிசப்ஷன் என்றால் முதல் ஆட்டம் பெண்ணைப் பெற்றவர்களுடையது. இருவரும் கைகோத்து ஒரு சுற்று வரவேண்டும். அப்புறம்தான் மற்றவர்கள் எழுந்திருக்கலாம்.

மாமா அக்காவை விட்டுவிட்டுப் போன நாளிலிருந்து, எந்த ரிசப்ஷனாக இருந்தாலும் முதல் ஆட்டம் முடிகிறவரை அவள் பாத்ரூமில் போய் நின்றுகொள்வாள். இன்றைக்கு எங்கே போய் ஒளிவது? கல்யாணமே அவள் மகளுக்கு!

"ஆட்டமே வேண்டாம்டி. எல்லாரும் என் மூஞ்சியத்தான் பார்ப்பாங்க" என்று காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தாள். மகள்தான் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தாள்.

பாட்டு ஆரம்பித்தது. மாமா வந்து கை நீட்டினார். அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

எப்போது ஆடினாலும் அக்காவின் காலை மிதித்து ஊரைச் சிரிக்க வைக்கிற மனுஷர் அவர். இன்று ஒரு அடி பிசகவில்லை. அக்கா தடுமாறிய இடத்தில்கூடத் தாங்கித் திருப்பினார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. கைதட்டினார்கள்.

பாட்டு முடிந்ததும் மாமா கையை விட்டுவிட்டு நகர்ந்தார். அக்கா தனியாக நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அசிங்கப்படாம முடிஞ்சுதுடி" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அந்தக் கார்க்காரியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று வெளியே போனேன்.

காரில் விளக்குகூடப் போடாமல் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தாள். உள்ளே கேட்கிற பாட்டு அங்கேயும் கேட்டது. என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவசரமாகக் கண்ணாடியை இறக்கினாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"அவர் அவங்க காலை மிதிச்சிடலையே? அவங்க உயரத்துக்கு ஹீல்ஸ் போட்டுக்கிட்டு, தினமும் நான்தான் அவரோட ஆடிப் பழக்கினேன்."