நான்காவது தட்டு

அண்ணன் குழந்தை சிரிப்பதாகத்தான் வளர்மதி நினைத்தாள்.

வாய் திறந்திருந்தது. இரண்டு கைகளும் காற்றில் அடித்துக்கொண்டன. முகம் சிவந்திருந்தது.

சத்தம் மட்டும் இல்லை.

அடுப்படியிலிருந்து பூங்கோதை ஓடி வந்தாள். கண் தெரியாத மதினி அப்படி ஓடி வளர்மதி பார்த்ததில்லை. நிலையில் இடிக்கவில்லை. பாயில் தடுக்கவில்லை.

"பாப்பா சத்தத்தயே காணுமே. என்ன செய்யுதா?"

வளர்மதி குழந்தையைப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இப்போதுதான் உதடு நீலமாவது தெரிந்தது.

"வாயில என்னமோ மாட்டியிருக்கு மதினி. எடுக்கேன்."

"விரல விட்றாத! உள்ள போயிரும். எங்கிட்ட குடு."

பூங்கோதை தரையில் உட்கார்ந்தாள். இடது கையைத் தொடைமேல் நீட்டி, அதில் குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்தாள். விரல்களால் தாடையைத் தாங்கிக்கொண்டாள். தலை சற்றே கீழே இறங்கியிருந்தது. வலது கை முதுகில் ஊர்ந்து, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் நின்றது.

உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓங்கித் தட்டினாள்.

ஒன்று.

வளர்மதி ஐந்து மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

இரண்டு.

மூன்று.

பூங்கோதையின் முகத்தில் பதற்றமே இல்லை. காது மட்டும் குழந்தையின் பக்கம் சாய்ந்திருந்தது.

நான்காவது தட்டில் ஏதோ பாயில் விழுந்தது.

பாதி வேர்க்கடலை.

பிறகு அழுகை. தெருக்கோடி வரை கேட்கிற அழுகை.

"அழுடா தங்கம். நல்லா அழு."

பூங்கோதை குழந்தையை நிமிர்த்தித் தோளில் போட்டுக்கொண்டாள்.

கடலை வளர்மதியுடையது. சங்கரன்கோவிலில் பஸ் ஏறும்போது வாங்கி, வழியெல்லாம் கொறித்துக்கொண்டு வந்த பொட்டலம். மடியிலிருந்து உதிர்ந்திருக்க வேண்டும்.

குழந்தையைக் கீழே விடும் முன், ஒவ்வொரு முறையும் பூங்கோதை பாய் முழுவதையும் உள்ளங்கையால் துழாவுவாள். ஓரம், மடிப்பு, அடிப்பக்கம் எல்லாம். காலையில் அதைப் பார்த்தபோது வளர்மதிக்குப் பாவமாக இருந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று குழந்தையை வாங்கித் தானே உட்காரவைத்தாள்.

துழாவவில்லை.

கண்தான் இருக்கிறதே.

வளர்மதியை இங்கே அனுப்பியது அவள் அம்மா. "கண்ணு தெரியாதவ கையில எம்புட்டு நாளைக்குத்தான் புள்ளைய விட்டு வைக்க? தவழுற புள்ள நாளைக்கு நடக்கும். நீ பக்குவமா பேசிக் கூட்டிட்டு வந்துரு. ரெண்டு வயசு வரைக்கும் நான் வளக்கேன்." அண்ணனும் போனில் அரைமனதாகச் சரி என்றிருந்தான். பக்குவமாகப் பேச வேண்டியதையெல்லாம் வளர்மதி பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தாள். பிள்ளையின் துணிமணிக்கென்று ஒரு காலிப் பைகூடக் கொண்டுவந்திருந்தாள்.

"மதினி, அந்தக் கடலை என்னோடது."

"தெரியும். நீ வந்ததுலேருந்து வறுகடலை வாசம்தான்." பூங்கோதை கையை நீட்டி அவள் கையைத் தேடிப் பிடித்தாள். "மாசமா இருக்கப்ப நாக்கு கேக்கத்தான் செய்யும். அழாத. தண்ணியக் குடி."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது வளர்மதிக்கு.

"முதுகுல தட்டுறத எங்க படிச்சீங்க?"

"தடுப்பூசி போடப் போனப்ப நர்சம்மா சொல்லிக் குடுத்தாங்க. ஒருதடவ கேட்டா மறந்துரும்லா. அரிசிய ஒரு துணிப்பையில கட்டி, தெனமும் செஞ்சு பாத்துக்கிடுவேன்."

"தெனமுமா?"

"ஒங்களுக்கெல்லாம் நடக்கும்போது பாத்துக்கிடலாம். எனக்கு முன்னாடியே கை பழகியிருக்கணும்லா."

பிள்ளை பிறந்த இந்த எட்டு மாதமாக, அண்ணன் வேலைக்குப் போன பிறகு, யாரும் இல்லாத வீட்டில் ஒருத்தி அரிசிப் பையைக் கையில் கிடத்தித் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். இது யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது. அண்ணனுக்கே தெரியுமோ என்னவோ.

"சும்மா இருந்துரக் கூடாது. ஒரு எட்டு டாக்டர்ட்ட காமிச்சிட்டு வந்துருவோம்."

பூங்கோதை எழுந்து சுவர் அலமாரியைத் திறந்தாள். மேல்தட்டில் மாற்றுச் சட்டை. அடுத்ததில் இடுப்புத் துணி. மூலையில் தடுப்பூசி அட்டை. அவள் கை எதையும் தேடவில்லை. வளர்மதி கதவுச் சாவியைக் கண்டுபிடிப்பதற்குள் குழந்தை துடைக்கப்பட்டு, உடை மாறி, தோளில் சாய்ந்திருந்தது.

டாக்டர் குழந்தையின் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். இரண்டு பக்கமும் காற்று நன்றாகப் போகிறது என்றார். பிறகு வளர்மதியைப் பார்த்து, "சரியான நேரத்துல சரியா செஞ்சிருக்கீங்கம்மா" என்றார்.

"நான் இல்ல டாக்டர். இவங்க."

டாக்டர் பூங்கோதையைப் பார்த்தார். நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பூங்கோதை பால் கொடுக்கத் தொடங்கினாள். வளர்மதியின் போன் அடித்தது. அம்மா.

"என்னட்டி, பேசிட்டியா? புள்ளையக் கூட்டிட்டுக் கெளம்பிட்டியா?"

"இல்லம்மா."

"அவ விடமாட்டேங்காளா?"

"நான் கேக்கவே இல்ல. கேக்கவும் மாட்டேன்." வளர்மதி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, பிரசவத்துக்கு நான் அங்க வரல."



"அங்க வராம? பின்ன எங்க போவ?"

வளர்மதி போனைக் கையால் பொத்திக்கொண்டாள். பெஞ்சில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மதினி, ஒங்க வீட்ல எனக்கு எடம் இருக்குமா?"