நாக்கின் அடியில்

வேலை பாதியில் நின்றுபோன ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு மாசானம் காவலாள். அங்கே அவனுக்குத் துணை தேங்கிய தண்ணீரும் கொசுவும்தான். மலேரியா வந்த பிறகுதான் அவனைத் தேடி ஆள் வர ஆரம்பித்தது. நர்ஸ் ரெஜினா தினமும் வந்து மாத்திரையைக் கையில் கொடுப்பாள். "முழுங்குங்கண்ணே, பாத்துட்டுதான் போவேன்" என்று எதிரே இறுகிப்போன சிமென்ட் மூட்டைமேல் உட்காருவாள்.

மாசானம் தண்ணீரை மட்டும் விழுங்குவான். மாத்திரை நாக்கின் அடியில் கசந்து கரைந்துகொண்டிருக்கும். வாயைத் திறக்க முடியாது. தலையை ஆட்டி ஆட்டி அவள் பேசுவதைக் கேட்பான். மாமியாரைப் பற்றி, நிற்காமல் போன பஸ்ஸைப் பற்றி, மகளின் பல்வலியைப் பற்றி. அவள் போனதும் கரைந்தது போக மிச்சத்தைத் துப்பிவிடுவான். காய்ச்சல் விட்டுவிட்டால் அவள் எதற்கு வரப்போகிறாள்?

ஒருநாள் ரெஜினா உட்காரவில்லை. "பின்னாடி குடிசையில ஒரு புள்ளைக்கும் உங்களாட்டமே காய்ச்சல்ணே. இந்த மாத்திரைக்குக் கேக்கவே மாட்டேங்குது. யாரோ மருந்த அரைகுறையா சாப்பிட்டதுல கிருமிக்கு அது பழகிப்போச்சு, அத கொசு பரப்புதுன்னு டாக்டர் சொல்றார்."

அன்று மாசானம் மாத்திரையை விழுங்கினான். மறுநாளும் விழுங்கினான். அவள் கேட்காமலேயே வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினான். அதற்குப் பிறகும், வழக்கமான நேரத்துக்கு நடுக்கம் வந்தது.

"சத்தியமா முழுங்குனேம்மா" என்றான், பல் கிட்டிக்க.

ரெஜினா போர்வையை இழுத்து அவன் கழுத்துவரை மூடினாள். "நீங்க முழுங்கலைன்னு யாருண்ணே சொன்னா?"