உள்ளே ஒண்ணுமில்லை

தேன்மொழியின் வீட்டு லேப்டாப்பில் லினக்ஸ், ஆபீஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ். இரண்டுக்கும் நடுவே அவள் கைப்பையில் போய்வந்துகொண்டிருந்தது ஒரு பென் டிரைவ். இரண்டுக்கும் புரிகிற மாதிரிதான் அது எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப் அதனிடம், "அந்த விண்டோஸ்காரனுக்காக நீ எதுக்கு வளைஞ்சு கொடுக்கணும்? என் ஃபார்மட்டுக்கு மாறிடு" என்றது. தேன்மொழிக்கும் அன்று லினக்ஸ் மேல் அதே மோகம். பென் டிரைவை லினக்ஸுக்கு மட்டும் புரிகிற ஃபார்மட்டுக்கு மாற்றி, தான் வரைந்து முடித்த பள்ளிக்கூடக் கட்டடத்தின் பிளானை அதில் ஏற்றினாள்.

மறுநாள் ஆபீஸில் செருகியதும் கம்ப்யூட்டர் அதை மேலும் கீழும் பார்த்தது.

"உனக்குள்ள ஒண்ணுமே இல்லையேப்பா. துடைச்சுச் சுத்தம் பண்ணிடட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம். ஒரு பள்ளிக்கூடமே இருக்கு."

"என் கண்ணுக்குத் தெரியலையே. அப்போ இல்லைன்னுதானே அர்த்தம்?"

துடைக்கலாமா என்ற கேள்வி திரையில் வந்து நின்றது. பழக்கதோஷத்தில் தேன்மொழியின் விரல் 'சரி'யை அழுத்தப் போனது. நல்லவேளை, கேள்வியைப் படித்துவிட்டாள். பென் டிரைவைப் பிடுங்கிப் பைக்குள் போட்ட பிறகுதான் அதற்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பென் டிரைவ் ஆபீஸில் நடந்ததை லேப்டாப்பிடம் சொன்னது. லேப்டாப் விழுந்து விழுந்து சிரித்தது.

"படிக்கத் தெரியாதவன் உன்னைக் காலின்னு சொல்றான் பாரு. அவனுக்குள்ளதான் ஒண்ணும் கிடையாது."

"அவனுக்குள்ள நீ பார்த்திருக்கியா?"

"அதை வேற பார்க்கணுமா?" என்றது லேப்டாப்.

பென் டிரைவ் மூடியைப் போட்டுக்கொண்டது.