தொண்டையில் ஜெயித்தவன்

ஓர் உடம்பில் வெள்ளையணு ஒன்று இருந்தது. தொண்டையில் புகுந்த கிருமிகளை மூன்றே நாளில் தீர்த்துக்கட்டியது. அத்தோடு வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். ஜெயித்தவனுக்கு வீடு எங்கே பிடிக்கிறது? நேரே முழங்காலுக்குப் போய், மூட்டில் தன்பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த குருத்தெலும்பின் முன்னால் நின்றது.

“நீயும் அந்தக் கிருமி மாதிரியே வழவழன்னு இருக்கே. யாரு நீ?”

“என்னண்ணே, பிறந்ததிலிருந்து இங்கேதானே இருக்கேன்? இதோ, அடையாள அட்டை.”

“அட்டையை யார் வேணும்னாலும் அடிச்சுக்கலாம்.”

வெள்ளையணு வாயைத் திறந்தது. கடி விழுந்தால் அந்த முழங்கால் இனி மடங்காது. எலும்போடு ஒட்டிப் பிறந்த குருத்தெலும்புக்கு ஓடவும் வழியில்லை.

அப்போது வெள்ளையணுவின் உள்ளேயிருந்து, “போதும்” என்றது ஒரு குரல். சண்டை முடிந்ததும் நிறுத்துவதற்கென்றே அதற்குள் குடியிருந்த மரபணு அது.

“ஒண்ணே ஒண்ணு. அப்புறம் வந்துடறேன்.”

“போதும்னா போதும்.”

“ஊரைக் காப்பாத்தறவனை நிம்மதியா வேலை செய்ய விடறியா நீ?”

“கிருமி செத்து ஒரு நாளாச்சு. வாயை மூடு.”

வெள்ளையணுவின் பேச்சைக் கேட்காமல் அதன் வாய் தானாகவே மூடிக்கொண்டது.

சாயங்காலம் அது கூட்டாளிகளிடம் சொன்னது: “முழங்கால்ல ஒருத்தன் கெஞ்சினான். பாவம்னு நான்தான் விட்டுட்டேன்.”

“உங்க மனசு யாருக்கு வரும்!” என்றன மற்ற வெள்ளையணுக்கள்.

மரபணு அதைத் திருத்தவில்லை. முழங்கால் அப்போது மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தது.