பேய் பயந்த காட்சி

முப்பது வருடங்களுக்கு முன் ஒரு படத்தில் பேயாக நடித்து ஊரையே நடுங்க வைத்தவள் மதுரவேணி. அந்தப் படத்தைக் கிண்டல் செய்யும் புதுப் படத்தில் அதே பேயாக நடிக்க அவளையே அழைத்திருந்தார்கள். தலைவிரிகோலமாய் அவள் வெறித்துப் பார்த்தபோது நகைச்சுவை நடிகன் பரணிக்கு வசனம் மறந்துபோனது.

"அதெல்லாம் வேணாம்மா," என்றார் இயக்குநர். "இதுல பேய்தான் பயப்படணும். பரணி வெளக்கமாத்த ஓங்குவாரு, நீங்க பயந்துருங்க. அவ்ளோதான்."

பரணி ஓங்கினான். மதுரவேணி சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்து, முகத்தை முழங்காலுக்குள் புதைத்து, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள். "இனிமே செய்ய மாட்டேங்க... இனிமே செய்ய மாட்டேங்க..." என்று முனகினாள். வசனத்தாளில் அப்படி எதுவும் இல்லை. படப்பிடிப்புத் தளமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

பரணி குனிந்து, "மேல பட்டுருச்சாம்மா?" என்று கேட்டான்.

"இல்ல தம்பி. படல."

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். "பிரமாதம்மா! இத எங்க கத்துக்கிட்டீங்க?"

"வீட்லதான்."

அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். பரணி சிரிக்கவில்லை. இன்னொரு டேக் என்று குரல் வந்ததும் விளக்குமாற்றை மறுபடி ஓங்கினான்.