எழிலரசியின் மருமகள்

“அறுத்தீங்கன்னா இந்தச் சம்பந்தம் வேணாம். எம்புள்ளைக்கு வேற எடம் பாத்துக்கறேன்” என்றாள் எழிலரசி, ஆஸ்பத்திரி வராண்டாவே திரும்பிப் பார்க்கும் குரலில்.

ரேணுகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே மகள் யுவராணி, தொடையில் புற்றுக்கட்டியோடு படுத்திருக்கிறாள். ஆவடியிலிருந்து பார்க்க வந்த நாத்தனாரோ கால் கிலோ ஆப்பிளோடு கல்யாணப் பேச்சையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். யுவராணி பிறந்த அன்றே, பஸ் சீட்டுக்குத் துண்டு போடுவதுபோல, “இவ எனக்குத்தான் மருமவ” என்று சொல்லிவைத்த புண்ணியவதி.

டாக்டர் சபீனா காலையிலேயே விவரமாகச் சொல்லிவிட்டார். கட்டிக்குக் கொடுக்கப்போகும் மருந்து கடுமையானது, சினைப்பையைக் கெடுத்துவிடும். இவளுக்கு முட்டையாக எடுத்து வைக்க வழியில்லை. சினைப்பையிலிருந்தே ஒரு துண்டை எடுத்து உறைய வைத்தால், பின்னால் திருப்பிப் பொருத்திப் பார்க்கலாம். அதையும் நாளைக்கே செய்தாக வேண்டும், தாய் தகப்பன் இருவரும் சம்மதிக்க வேண்டும்.

ரேணுகா அப்போதே தலையாட்டிவிட்டாள். அவள் புருஷன் உதயகுமார்தான், “அக்காவ ஒரு வார்த்த கேட்டுக்கறேனே” என்றான். அம்பத்தூர் கம்பெனியில் நாற்பது பேரை விரட்டி வேலை வாங்கும் சூப்பர்வைசர், அக்காவைக் கேட்காமல் சட்டைகூட எடுக்க மாட்டான்.

அக்கா சும்மா இருப்பாளா? “துண்டு போட்டு ஐஸ்ல வெக்க அது இன்னாடா, வஞ்சிர மீனா? நாளைக்கு நாலு பேர் கேட்டா, எம்மருமவ பாதி ஊட்ல கீறா, பாதி ஃபிரிட்ஜ்ல கீறான்னா சொல்றது?”

“வெக்காம உட்டா, அவளுக்குக் கொழந்தையே இல்லாமப் போயிடும் அண்ணி” என்றாள் ரேணுகா.

“அதெல்லாம் நம்ம கோயிலு வேம்புலியம்மா பாத்துக்குவா. எம்புள்ள சந்தோஷுக்கு இன்னா கொறச்சல்? ராஜாவாட்டம் கீறான். பீடி சிகரெட் உண்டா, குடி கூத்து உண்டா?”

இல்லைதான். அந்த விஷயத்தில் மாப்பிள்ளையைக் குறை சொல்ல ரேணுகாவாலும் முடியாது.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “இன்னா சார், ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லிடலாமா?”

உதயகுமார் தரையைப் பார்த்தான். ரேணுகா அவன் வாயையே பார்த்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த வாய் அக்காவுக்கு எதிராக ஒருமுறைகூடத் திறந்ததில்லை. இன்றைக்கும் திறக்காமல் போனால் மகளின் கதி என்ன?

“முடிவா சொல்லுடா” என்றாள் எழிலரசி. “இந்தச் சம்பந்தம் வேணுமா, வேணாமா?”

“தியேட்டருக்குச் சொல்லிடுங்க சிஸ்டர்” என்றான் உதயகுமார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினான்.

“நீ வேற எடம் பாருக்கா. எம்பொண்ணுக்கு இன்னும் பால்பல்லே விழல.”