மூலையில் ஒரு முகம்

தலைவர் இன்னும் வரவில்லை. நினைவுக்கல்லின் மேல் வெயில் ஏறிவிட்டது. மலர்வளையத்தின் இலைகள் சுருளத் தொடங்குகின்றன. முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் வயதான படைவீரர், பதக்கங்கள் சத்தம் போடாதபடி நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். எதிரே உள்ள பேனர் முழுக்கத் தலைவர் சிரிக்கிறார். கீழ் மூலையில், தபால்தலை அளவில், போரில் இவரோடு ஒரே பதுங்குகுழியில் கிடந்து, திரும்பி வராத நண்பன். பேனரைக் கட்டிய கயிற்றின் முடிச்சு சரியாக அவன் முகத்தில் விழுந்திருக்கிறது. தேர்தல் இல்லாத வருஷத்தில் அந்த மூலைகூடக் கிடைப்பதில்லை என்று நினைத்துக்கொள்கிறார். பக்கத்தில் நண்பனின் மனைவி கைப்பையைத் திறந்து திறந்து மூடுகிறாள். “அண்ணே, அவர் சிரிச்சா எப்படி இருக்கும்? எனக்கு மறந்தே போச்சு. உங்களுக்கு ஞாபகம் இருக்கும்ல?” “அது எப்படிம்மா மறக்கும்?” “அப்ப சொல்லுங்க.”

கார்கள் வந்து நிற்கின்றன. மௌன அஞ்சலிக்கு பிகிள் ஊதுகிறார்கள். எல்லோரும் எழுந்து தலை குனிகிறார்கள். தப்பித்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டு அவர் நண்பனை அவசரமாகத் தேடுகிறார். அவனுடைய ஈர பூட்ஸ் வருகிறது, அந்த இருமல் வருகிறது. முகம் வரவேண்டிய இடத்தில் பேனரில் சிரிக்கும் தலைவர் வந்து நிற்கிறார். மறுபடி பிகிள். எல்லோரும் உட்கார்கிறார்கள், அவள் இவர் பக்கம் திரும்பிக் காத்திருக்கிறாள். அவர் மட்டும் குனிந்த தலை நிமிராமல் நின்றுகொண்டே இருக்கிறார். அதைப் பார்த்து நெகிழ்ந்துபோன தலைவர், புகைப்படக்காரரைக் கூப்பிட்டு அவரைப் படமெடுக்கச் சொல்கிறார்.